தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு அனுப்பிவைப்பது எப்படி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்கு

என் முதல் விசார்ட் (மந்திரவாதிக் கேரக்டர்) ஒரே வீச்சில் செத்தான். லெவல் ஒன்று, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏழு, எதிரே கோடரியோடு ஒரு ஆர்க் (முரட்டு அரக்கன்), நடுவில் நாற்பது அடி. நாற்பது அடி தாராளம், அடுத்த டர்னில் ஒரு நெருப்பைக் கொளுத்திப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஆர்க் ஓடி வந்தது, வெட்டியது, டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பகடையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், "உன் அதிகபட்ச ஹெச்பி எவ்வளவு?" என்று கேட்டார். டிஎம் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் நல்ல சேதி இல்லை. டெத் சேவ் (சாவிலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை) போடக்கூட வாய்ப்பில்லாமல் ஆள் காலி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டி "நேரம் சரியில்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி (இங்கே நான் சொல்வதெல்லாம் அந்த விதிகளை வைத்துத்தான், 2024 திருத்தத்தில் சிலது மாறியிருக்கிறது) ஹெச்பி பூஜ்யமான பிறகும் மிச்சமிருக்கும் அடி உங்கள் அதிகபட்ச ஹெச்பி அளவுக்கு இருந்தால் அதே இடத்தில் மரணம். ஏழு ஹெச்பி ஆளுக்கு ஒரே அடியில் 14 விழுந்தால் கதை முடிந்தது. ஆர்க்கின் கோடரி ஒரு பன்னிரண்டு பக்கப் பகடை, அதோடு 3. பகடையில் 11 அல்லது 12 விழுந்தால் சாதாரண அடியே போதும். வீச்சு படுமா என்று பார்க்கும் இருபது பக்கப் பகடையில் (டி20) 20 விழுந்து கிரிட்டிக்கல் ஆனால் கோடரிக்கு இரண்டு பகடை உருட்டுவார்கள், அப்போது மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் 14-ஐ எட்டிவிடும். என் ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரியின் பகடைக் கணக்கு எட்ட வேண்டிய எண்) வெறும் 12. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் ஒரு வீச்சுக்கு 14 சதவீதம் வருகிறது, ஏழில் ஒன்று. இதற்கு நேரத்தைக் குறை சொல்லி என்ன பயன். அந்த நாற்பது அடியும் சும்மா மனப்பிராந்திதான், ஏனென்றால் எதிரியை நோக்கி ஓடுவதாக இருந்தால் ஆர்க் போனஸ் ஆக்‌ஷனில் அதே டர்னில் இன்னொரு 30 அடி ஓடலாம், ஆக 60 அடிக்குள் யார் நின்றாலும் கோடரிக்குப் பக்கத்தில் நிற்பதாகத்தான் அர்த்தம்.

அதனால் முதல் வேலை, "இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது" என்று தோன்றும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, நிஜமாகவே அது அபூர்வம்தானா என்று பார்ப்பது. ஃபேண்டஸி விளையாட்டில் அபூர்வம் என்று நாம் நினைப்பதில் பாதி, நாம் எண்ணிப் பார்க்காதது மட்டும்தான். மீதிப் பாதி உண்மையிலேயே அபூர்வமானது, ஆனால் வந்தால் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும். அந்த இரண்டாவது வகையை என்ன செய்வது என்றுதான் இதை எழுதுகிறேன்.

(இந்த ஆட்டமே தெரியாதவர்களுக்கு: டிஎம் என்பவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துபவர், மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு கேரக்டரை நடத்துகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்கிறோம், பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 சதவீதம். இவ்வளவு தெரிந்தால் போதும்.)

திரும்பி வர என்ன செலவு

பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சதவீதம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நடந்துவிட்டால் திரும்பி வர வழி உண்டா, உண்டென்றால் என்ன விலை?

பரமபதம் ஆடியிருப்பீர்கள். மேலே கிட்டத்தட்டக் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெரிய பாம்பு கடித்தால் வயிறு எரியும், ஆனால் கீழே வந்து திரும்ப ஆடலாம், பலகையை விட்டு யாரும் வெளியே போவதில்லை. டிஅண்ட்டியில் மரணம்கூடப் பல சமயம் அப்படிப்பட்ட பாம்புதான், அதற்கு ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது. செத்து ஒரு நிமிஷத்துக்குள் என்றால் ரிவிவிஃபை என்னும் மந்திரம், அதற்கு 300 பொற்காசு பெறும் வைரம். பத்து நாளுக்குள் என்றால் ரெய்ஸ் டெட், 500 பெறும் வைரம், ஆனால் தலை மாதிரி முக்கியமான உறுப்பு எதுவும் காணாமல் போயிருக்கக் கூடாது. நூறு வருஷம் வரை என்றால் ரெசரக்‌ஷன், 1,000. உடம்பே இல்லை, ஆள் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது என்றால் ட்ரூ ரெசரக்‌ஷன், 25,000. டிஸின்டிகிரேட் ஸ்பெல்லில் (ஸ்பெல் என்றால் மந்திரம்) தூசியாகிப் போனவரை முதல் மூன்றும் ஒன்றும் செய்யாது, நாலாவது வேண்டும், இல்லையென்றால் நினைத்ததைக் கேட்கும் விஷ் ஸ்பெல்.

இந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆபத்துகளின் வரிசையே மாறிப்போகும். ஒன்பதாம் லெவலில், கையில் வைரமும் பக்கத்தில் க்ளெரிக்கும் (உயிர்ப்பிக்கும் மந்திரம் தெரிந்த பூசாரி) இருக்கும்போது, ஈட்டிக்குழியில் விழுந்து சாவது 300 பொற்காசுச் செலவு, அவ்வளவுதான். அதற்காக அரைமணி நேரம் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. முதல் லெவலில் அதே குழி நிரந்தரம். உண்மையில் திரும்பி வர முடியாதது என்று நான் பயப்படுவது மிகச் சில: எல்லோரும் ஒரே சண்டையில் விழுவது (பட்டியலில் எல்லாம் இருந்தாலும் மந்திரம் சொல்ல ஆள் இல்லையே), உடம்பே மிஞ்சாமல் போவது (25,000-க்கு எங்கே போவது), ஆன்மாவைத் தூக்கிக்கொண்டு போகிற சமாச்சாரங்கள். முதலுக்கே மோசம் என்பது இவைதான்.

ஒரு விஷயம், டிஎம்மிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், அவர் உலகத்தில் வைரம் கடையில் கிடைக்குமா என்று. சில டிஎம்கள் உயிர்ப்பிப்பதை மிகக் கடினமாக்கி வைத்திருப்பார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அது தெரியாமல் மூன்று மாதம் ஆடிவிட்டு சாவின்போது தெரிந்துகொள்வது கொடுமை.

எத்தனை தடவை

இரண்டாவது கேள்வி, இதை நான் வாழ்நாளில் எத்தனை தடவை செய்யப்போகிறேன்?

ஒரு பேய்க்கிணறு இருக்கிறது என்று வையுங்கள். அதில் காசு போட்டால் இருபதில் பத்தொன்பது தடவை உங்கள் தங்கம் இரட்டிப்பாகும், ஒரு தடவை கிணறு உங்களை விழுங்கிவிடும். சராசரி எடுத்துப் பார்த்தால் பிரமாதமான வியாபாரம், விடாமல் போட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். பதினாலு தடவை போட்டவர்களில் உயிரோடு இருப்பது பாதிக்கும் குறைவு. சராசரிக் கணக்கு என்ன செய்கிறதென்றால், உயிரோடு கோடீஸ்வரனாக இருக்கும் ஒருவனையும் கிணற்றுக்குள் கிடக்கும் ஒருவனையும் சேர்த்து வகுத்து, இரண்டு பேருமே வசதியாக இருக்கிறார்கள் என்று சொல்கிறது. உங்கள் கேரக்டர் ஒரே ஆள், அவன் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் இந்தத் தடவைகளை எல்லாம் கடக்க வேண்டும். ஒரு சதவீத ஆபத்தும் இப்படித்தான், எழுபது தடவை செய்தால் பூவா தலையா போடுவதற்குச் சமம்.

இதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை" ஆபத்தை நான் கொஞ்சம் தாராளமாக எடுப்பேன், "எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்கிற ஆபத்தில் கஞ்சனாக இருப்பேன். டிராகன் மேல் குதிப்பது வாழ்க்கையில் ஒரு தடவை, போகட்டும். ஒவ்வொரு கதவையும் சோதிக்காமல் திறப்பது, ஒவ்வொரு ராத்திரியும் காவல் போடாமல் தூங்குவது, இதெல்லாம் வருஷம் முழுக்க நடக்கிறது. விஷ் ஸ்பெல் இதற்கு நல்ல பாடம். எட்டாம் லெவல் அல்லது அதற்குக் கீழே உள்ள ஒரு ஸ்பெல்லை நகலெடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தினால் எந்தச் சேதமும் இல்லை. வேறு எதையாவது இஷ்டத்துக்குக் கேட்டால், இனி ஆயுசுக்கும் விஷ் சொல்ல முடியாமல் போக 33 சதவீதம். இரண்டு தடவை அப்படிக் கேட்டீர்கள் என்றால் அதை இழந்திருக்க 55 சதவீதம். நல்ல விசார்ட்கள் பெரிய ஆசையை ஒரே ஒரு தடவைக்கு வைத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் நகலெடுத்தே காலம் தள்ளுவார்கள்.

தலைப்பாகை வாங்குவது

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நாம் சொல்வது தப்பித்த பிறகு. இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம் என்பது, தலைப்பாகையை முன்கூட்டியே வாங்கிக் கட்டிக்கொள்வது. ஆச்சரியம் என்னவென்றால் அது பெரும்பாலும் படு மலிவு.

ஹீலர்ஸ் கிட் (முதலுதவிப் பெட்டி) ஐந்து பொற்காசு. பத்துத் தடவை பயன்படுத்தலாம், பகடையே போட வேண்டாம், விழுந்து கிடப்பவரிடம் ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் சாவின் பக்கம் சரிவது நின்றுவிடும். ஒருவர் பூஜ்ய ஹெச்பியில் விழுந்தால் டெத் சேவ் போடுகிறார், 10-ம் அதற்கு மேலும் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி, 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் எழுந்தே விடுவார், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். யாரும் கை வைக்காமல் அப்படியே விட்டால் சாவதற்கு 40 சதவீதம். கவனியுங்கள், நூற்றுக்கு நாற்பது! ஆனால் எல்லா மேசையிலும் நடப்பது என்ன? "அவர் ஒரு ரவுண்டு சேவ் போடட்டும், நான் இந்தக் கோப்லினை முடித்துவிட்டு வருகிறேன்." பக்கத்தில் நிற்கும் எதிரி, விழுந்து கிடப்பவரை ஒரு தட்டுத் தட்டினால் அது தானாகவே கிரிட்டிக்கல், இரண்டு தோல்வி ஒரே நேரத்தில் ஏறும், அப்போது 40 என்பது 79 ஆகிவிடும். ஏற்கனவே ஒரு தோல்வி இருந்திருந்தால் அந்தத் தட்டே கடைசி. இத்தனையும் ஐந்து பொற்காசுப் பெட்டி ஒன்றைத் திறக்காததால். ஆளுக்கொரு கிட், ஆளுக்கொரு ஹீலிங் போஷன் (அது 50), அதுவும் கையெட்டும் இடத்தில். எல்லாவற்றையும் க்ளெரிக்கின் பையில் போட்டு வைக்கும் பார்ட்டிகளை, அதாவது ஆட்டக் குழுக்களை, பார்த்திருக்கிறேன். முதலில் விழுவது க்ளெரிக்தான், ஏனென்றால் எதிரிக்கும் மூளை இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பாகை ஒரு செங்கல். நொடியில் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் டெலிபோர்ட் ஸ்பெல்லுக்கு ஒரு அட்டவணை உண்டு, நூறு பக்கக் கணக்கில் உருட்டிப் பார்ப்பார்கள். நன்றாகப் பழகிய இடத்துக்கே போனாலும் 5 சதவீதம் விபத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்தும் அவ்வளவாகப் பழகாத இடம் என்றால் 33 சதவீதம். விபத்து என்றால் கூட வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று பத்துப்பக்கப் பகடை அடி, சராசரி 16, அப்புறம் திரும்பவும் அதே அட்டவணையில் உருட்ட வேண்டும். இந்த ஸ்பெல் சொல்கிற விசார்ட் குறைந்தது பதிமூன்றாம் லெவல், அவனுக்கு 16 என்பது கொசுக்கடி. அதனால் எல்லா விசார்ட்களும் "அஞ்சு பர்சென்ட்தானே" என்பார்கள். ஆனால் நீங்கள் எரியும் கிராமத்திலிருந்து காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போகும் சாதாரண ஜனங்களுக்கு ஹெச்பி நாலு. அந்த 5 சதவீதம் வந்தால் உங்களுக்குத் தலைவலி, அவர்களில் அநேகமாக ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஒரே தொகை பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மதிப்பில்லை என்று கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1738-ல் சூதாட்டக் கணக்கை வைத்து எழுதியது ஹெச்பிக்கும் அச்சாகப் பொருந்துகிறது. ஆபத்தை அளக்கும்போது கூட்டத்தில் இருப்பவர்களிலேயே நோஞ்சானை வைத்து அளக்க வேண்டும், மந்திரம் சொல்கிறவரை வைத்து இல்லை.

சரி, செங்கல் எங்கே வருகிறது? போக வேண்டிய இடத்திலிருந்து கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த ஒரு பொருள் கையில் இருந்தால் அந்த அட்டவணையில் விபத்தே கிடையாது, நூற்றுக்கு நூறு சரியான இடம். அரண்மனைப் புத்தகம்தான் வேண்டும் என்று இல்லை, சத்திரத்துச் சுவரில் பெயர்ந்த செங்கல் போதும். பதினாறாம் லெவல் வரை போனவர்கள்கூட இதைச் செய்யாமல் ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்து சதவீதத்தைக் கும்பிட்டுக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். காசு செலவில்லை, நேரம் செலவில்லை, குனிந்து எடுத்துப் பையில் போட வேண்டும், அவ்வளவே.

டெக் ஆஃப் மெனி திங்ஸ்

இதைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. 1975-லிருந்து இந்த ஆட்டத்தில் இருக்கும் மந்திரச் சீட்டுக்கட்டு, எத்தனையோ நல்ல கேம்பைன்களுக்கு (வாரக்கணக்கில் தொடரும் ஆட்டக் கதைகளுக்கு) பாடை கட்டியிருக்கிறது. எத்தனை சீட்டு எடுக்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னபின் பயந்து நிறுத்தினால் மீதிச் சீட்டுகள் தாமாகவே கட்டிலிருந்து பறந்து வந்து ஒரே நேரத்தில் பலிக்கும். அதனால் "ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்பதற்கு வழியே இல்லை. யோசிக்கிற நேரம் முழுக்க வாயைத் திறப்பதற்கு முன்னால்தான்.

பெரும்பாலான கட்டில் 13 சீட்டு. ஏழு நல்லது, ஆறு கெட்டது. இதைக் கேட்டவுடன் "பாதிக்கு மேல் நல்லதுதானே" என்று ரோக் (திருடன் கேரக்டர்) ஆடுபவர் ஒருவர் கையை நீட்டுவார். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், திரும்பி வரும் விலையைப் பாருங்கள். ரூயின் வந்தால் சொத்தெல்லாம் போகும், மேஜிக் சாமான்கள் மிஞ்சும், அது பாம்புக்கடிதான், திரும்பச் சம்பாதிக்கலாம். யூரியாலி சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்பப் போடும் பகடையில்) 2 குறைக்கும், எரிச்சல், ஆனால் வாழலாம். ஃப்ளேம்ஸ் ஒரு டெவிலை உங்கள் எதிரியாக்கும், ரோக் என்னும் சீட்டு டிஎம் தேர்ந்தெடுக்கும் யாரோ ஒருவரை எதிரியாக்கும், நேர்மையாகச் சொன்னால் இந்த இரண்டும் டிஎம்முக்குக் கிடைத்த நல்ல கதை. மிச்சம் வாய்ட், ஸ்கல். வாய்ட் வந்தால் உங்கள் ஆன்மா எங்கோ ஒரு பொருளுக்குள் அடைபடும், உடம்பு இங்கே மரக்கட்டையாகக் கிடக்கும், விஷ் சொன்னாலும் ஆன்மா எங்கே இருக்கிறது என்று தெரியுமே தவிரத் திரும்பாது.

பதிமூன்றில் ஒன்று, கிட்டத்தட்ட 8 சதவீதம். எடுத்த சீட்டு திரும்பக் கட்டுக்குள்ளேயே போய்விடும் (ஜெஸ்டரும், பெரிய கட்டில் இருக்கும் ஃபூலும் மட்டும் போகாது), ஆக ஒரே ஆள் மூன்று எடுத்தால் 21 சதவீதம். பார்ட்டியில் ஐந்து பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தால், யாராவது ஒருவர் ஆன்மாவை இழக்க மூன்றில் ஒன்று. ஒவ்வொருவரும் தன் 8 சதவீதத்தை மட்டும் பார்ப்பார்கள். மேசை மொத்தத்துக்குமான 33-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஒருவருக்காக அடுத்த இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை எல்லோரும் செலவழிக்க வேண்டிவரும் என்பதால், சீட்டெடுப்பது தனிப்பட்ட முடிவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மேசையைக் கேட்காமல் கட்டைத் தொடக் கூடாது.

ஸ்கல் விஷயம் சுவாரசியமானது. மரணத்தின் அவதாரம் ஒன்று வந்து உங்களோடு மட்டும் சண்டை போடும், அதன் கையால் செத்தால் எந்த மந்திரத்தாலும் திரும்ப முடியாது, யாராவது உதவிக்கு வந்தால் அவருக்கும் தனியாக ஒரு எமன் வந்து நிற்கும். கேட்கவே கை நடுங்கும். ஆனால் அதன் விவரத்தைப் பாருங்கள்: ஆர்மர் கிளாஸ் 20, ஹெச்பி உங்கள் அதிகபட்சத்தில் பாதி, அதன் அரிவாள் பகடை போடாமலேயே படும், ரவுண்டுக்குச் சராசரி 12, அதிகபட்சம் 19. ஐந்தாம் லெவல் விசார்ட், ஹெச்பி 27 என்று வையுங்கள். எமனுக்கு 13. மேஜிக் மிஸைல் என்னும் அம்பு மந்திரம் ஆர்மர் கிளாஸைச் சட்டை செய்வதே இல்லை, மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் (அளந்து கிடைக்கும் மந்திர வாய்ப்பு) விட்டால் ஐந்து அம்பு, 13-ஐத் தொட 98 சதவீதம். எமன் முந்திக்கொண்டு வெட்டினாலும் 19-க்கு மேல் போகாது, 27-ல் 8 மிச்சம் இருக்கும், நின்று பதில் சொல்லலாம். ஆக, காலையில் எழுந்து ஸ்லாட் எல்லாம் நிரம்பியிருக்கும்போது, காயம் இல்லாமல், மேஜிக் மிஸைல் தயாராக வைத்துக்கொண்டு சீட்டெடுக்கும் விசார்டுக்கு அந்தக் கட்டிலேயே பயங்கரமான சீட்டு ஒரு சின்ன வேலை. அதே சீட்டு வாள் வீசும் ஃபைட்டருக்கு இழுபறி, ஏனென்றால் 20 ஆர்மர் கிளாஸை அவர் ஒவ்வொரு வீச்சிலும் தாண்ட வேண்டும். சண்டை முடிந்து அரை ஹெச்பியில், புதையல் அறையிலேயே உட்கார்ந்து, ஆர்வத்தில் சீட்டெடுக்கும் பார்ட்டிகளைப் பற்றி என்ன சொல்ல.

22 சீட்டுப் பெரிய கட்டாக இருந்தால் டாலன்ஸ் என்று ஒன்று உண்டு, நீங்கள் அணிந்திருக்கும், சுமந்திருக்கும் மேஜிக் சாமான் எல்லாம் பொடிப்பொடி. சுமந்திருந்தால்தானே? எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டு வேட்டி துண்டோடு போய் நில்லுங்கள். டிஎம் முறைப்பார், முறைக்கட்டும்.

இவ்வளவு தயார் செய்தாலும் வாய்டுக்கு மருந்து இல்லை. என் கருத்து, கதை நடுவில் இருக்கும்போது அந்தக் கட்டைப் பெட்டியில் பூட்டி வையுங்கள், கேம்பைனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் குலுக்கி ஆளுக்கு மூன்று எடுங்கள், அப்போது இழக்க ஒன்றுமில்லை.

வாய்ச்சொல்லில் வரும் பேராபத்து

இத்தனை சொன்னதால் இன்னொரு பக்கம் சரிந்துவிடக் கூடாது. ஒரு பாலத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். "நூறு பொன் கொடு, இல்லையென்றால் பாதாளத்தில் தூங்குபவன் எழுந்து உலகத்தையே விழுங்குவான்" என்கிறார். உங்கள் பார்ட்டியில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர், ஆயிரத்தில் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் உலகத்தின் மதிப்புக்கு நூறு பொன் ஒன்றுமில்லையே, கொடுத்துவிடலாம் என்பார். கொடுத்தால் நாளை ஆயிரம் பொன், பிரபஞ்சத்தையே விழுங்குவான் என்று அடுத்த கிழவர் வருவார். பயமுறுத்தும் அளவைப் பெரிதாக்க வாயைத் தவிர வேறு செலவில்லை என்னும்போது, சொல்வது பெரிதாகப் பெரிதாக நம்புவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாதம் செய்யாமல், மலிவான ஒரு சோதனையைத் தேடுங்கள். இன்சைட் (ஆள் பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் பகடை) போட்டுப் பாருங்கள். ஆகரி ஸ்பெல் இருந்தால் அடுத்த அரைமணியில் நாம் செய்யப்போகும் ஒரு காரியம் நன்மையா தீமையா என்று சகுனம் கேட்கலாம், ஆனால் நல்ல தூக்கம் போடாமல் இரண்டாவது தடவை கேட்டால் 25 சதவீதம் தாறுமாறான பதில் வரும் என்பதால் முதல் கேள்வியை வீணாக்காதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் ஊருக்குள் போய் அந்தக் கிழவர் எத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். இருபது வருஷம் என்றால் தெரிந்துவிட்டது.

எங்கள் மேசையில் ஒரு தடவை ஒரு மரக்கதவின் முன்னால் நாற்பது நிமிஷம் நின்றோம். கயிறு கட்டி இழுப்பதா, எலியை விடுவதா, பத்தடிக் கம்பால் தள்ளுவதா என்று. உள்ளே துடைப்பம் இருந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் பலிபீடத்தில் கட்டிவைத்திருந்த பையனின் கதை முடிந்துவிட்டது, டிஎம் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தார். எச்சரிக்கைக்கும் விலை உண்டு, அதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும். எங்களிடம் நான்காம் லெவலில் ஐந்து பேர், எல்லோரும் முழு ஹெச்பி, ஒரு கதவுப் பொறி எங்களை என்ன செய்திருக்கும்? ஒருவர் விழுந்திருப்பார், கிட் இருந்தது.

திரும்ப வழியே இல்லாத ஆட்டங்கள்

நெட்ஹேக் என்னும் கணினி விளையாட்டு மாதிரி, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய ஆட்டங்களில் விலைப்பட்டியலே கிடையாது, எல்லா மரணமும் ஒரே மரணம். 1987-ல் வந்த ஆட்டம், இன்றும் அதில் சாகும் விதங்கள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. காக்கட்ரைஸ் என்னும் ஜந்துவின் பிணத்தைக் கையுறை போட்டுக்கொண்டு ஆயுதமாகப் பிடித்தால் பட்டவர்களில் பெரும்பாலோர் கல்லாவார்கள், அற்புதமான ஆயுதம். அதைப் பிடித்தபடி ஒரு குழியில் விழுந்தால் நீங்கள் கல், கையுறை காப்பாற்றாது. எந்தக் குழி எங்கே என்று தெரியாத தளத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது, மேலே சொன்ன பேய்க்கிணறுதான்.

அங்கே எனக்கு உதவியது ஒரு அற்பமான விதி: ஹெச்பி பாதிக்குக் கீழே போனவுடன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படிப்பது. என் பழைய சாவுகளில் பெரும்பாலானவற்றில் பையில் தப்பிக்கும் ஸ்க்ரோலோ மந்திரக்கோலோ தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பிரார்த்தனை செய்வதும் அப்படியே, ஹெச்பி ஏழில் ஒரு பங்குக்குக் கீழே அல்லது 6-க்குக் கீழே போனால்தான் கடவுள் அதை ஆபத்து என்று ஒப்புக்கொள்வார், அதற்கு முன் கூப்பிட்டால் கோபம் வரக்கூடும், ஆகவே அந்த எண்ணை அதிகபட்ச ஹெச்பி மாறும்போதெல்லாம் கணக்குப் போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாகப்போகிற நேரத்தில் ஏழால் வகுக்க வராது.

மறுபடி மேசைக்கு. என்னுடைய இரண்டாவது விசார்ட் இப்போது பதினாலாம் லெவல். அவள் பையில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகளாகப் பதினோரு பொருள் இருக்கிறது, சத்திரத்து ஓடு, கோவில் வாசல் மணல், மந்திரிப் பெண்ணின் தோட்டத்துக் கூழாங்கல், ஒவ்வொன்றின் மேலும் எடுத்த தேதி. போன வாரம் சரிபார்த்தபோது துறைமுகத்து ஆணிக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறு போய் வேறு ஆணி பிடுங்க வேண்டும், அதுவும் கப்பலில்தான்.